டீசல் குளமும் சுருள்பாசித் தொட்டியும்: கடலூர் முதலீட்டாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு (2022–2025)

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாசியிலிருந்து டீசல் எடுக்கும் கம்பெனியின் பங்கில் பணம் போட்ட ஒருவர், பிறகு பாசியை உணவாக விற்கும் சிறு தொழிலில் பங்காளியானார். இரண்டிலும் நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள்களின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே இல்லை. பாசியை நம்பி ஓய்வூதியப் பணத்தை எடுத்துவைக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கையில் இது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

அவர் அனல்மின் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளராக இருந்து 2021இல் ஓய்வு பெற்றவர். திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. மனைவி, புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு மகள். கடன் கிடையாது. ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியை அஞ்சலகத்திலும் வங்கியிலும் போட்டுவிட்டு, 20 லட்சத்தை மட்டும் 'ஏதாவது உருப்படியான தொழிலுக்கு' என்று தனியே வைத்திருந்தார். வேலைக்காலம் முழுக்க நிலக்கரி எரித்த மனிதர். புகையில்லாத எரிபொருள் ஒன்று வராதா என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. லாபக் கணக்கைவிட அந்த ஆசைதான் அவரை இதில் இழுத்தது என்று நினைக்கிறேன்.

உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் விளம்பரக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கடலோரத்தில், பழைய இறால் குட்டைகளை எடுத்துப் பாசி வளர்த்து அதிலிருந்து டீசல் எடுக்கப்போகும் ஒரு கம்பெனி. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு 250 ரூபாய். மூன்று ஆண்டில் பங்குச் சந்தையில் பட்டியலிடுவோம், அப்போது பல மடங்காகும் என்று எழுதியிருந்தது. நண்பர் அதில் முன்பே 8 லட்சம் போட்டிருந்தார். இவரும் 2022 ஜனவரியில் 5 லட்சம் அனுப்பினார். மார்ச் முடிவதற்குள் இன்னும் 15 லட்சம் போட்டால் இதே விலை, ஏப்ரலில் பங்கு 400 ரூபாய் ஆகிவிடும் என்றார்கள். அந்த 15 லட்சத்துக்கு வரி எப்படி என்று கேட்கத்தான் மார்ச் நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரியைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

கையில் இருந்த தாள்கள்

5 லட்சத்துக்கு அவரிடம் இருந்தவை வங்கிப் பரிமாற்ற ரசீதும், கம்பெனித் தாளில் ஒரு வாழ்த்துக் கடிதமும். பங்குச் சான்றிதழ் இல்லை. பங்கு ஒதுக்கியதாக ஒரு வரி கூட இல்லை.

பட்டியலிடாத கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு விற்றால் அதற்கு 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 42ஆம் பிரிவு இருக்கிறது. யாருக்குத் தருகிறார்களோ அவர் பெயரிட்டே சலுகைக் கடிதம் தர வேண்டும். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. வந்த பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். தவறினால் 60ஆம் நாளிலிருந்து ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். இவருக்குச் சலுகைக் கடிதமே வரவில்லை. பணம் போனது நடப்புக் கணக்குக்கு. 60 நாள் அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் தாக்கல்களையும் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாது. பார்த்தோம். இரண்டு ஆண்டு வரவுசெலவில் விற்பனை வருவாய் என்ற இடத்தில் பூஜ்யம். நிலத்தின் மேல் வங்கி அடமானம். செலவில் பெரிய இனங்கள் இயக்குநர் ஊதியமும் 'வணிக மேம்பாடு'ம். இதை வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. புதிய தொழில்நுட்பக் கம்பெனிக்கு முதல் சில ஆண்டு விற்பனை இல்லாமல் இருப்பது இயல்புதான். ஆனால் கையேட்டில் 'நாளொன்றுக்கு 200 லிட்டர் உற்பத்தி' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த 200 லிட்டர் எங்கே போனது என்ற கேள்விக்கு வரவுசெலவில் விடை இல்லை.

அவருடைய மனைவி கேட்டது இப்போதும் நினைவில் இருக்கிறது. "ஈமு கோழிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?" 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு பண்ணைகள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் வாடின என்பது அந்த வயதுக்காரர்களுக்கு மறக்காது. எங்கள் பதில் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்காது. பாசியிலிருந்து டீசல் எடுக்க முடியும், அது நிரூபிக்கப்பட்ட அறிவியல். ஆபத்தும் அங்கேதான். அறிவியல் உண்மையாக இருப்பதால் வணிகமும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே நம்பிக்கொள்கிறது.

குளத்தைப் பார்த்த நாள்

ஏப்ரல் முதல் வாரம், காலை பத்து மணி. பொறியாளர், அவர் மகள், நான் மூவரும் போனோம். பறங்கிப்பேட்டைப் பக்கம் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரையும் கூட்டிப்போனோம். அவரைக் கூட்டிப்போனது நாங்கள் சரியாகச் செய்த காரியங்களில் ஒன்று.

கையேட்டில் ஐந்து ஏக்கர். அங்கே நீள்வட்டமாகத் தார்ப்பாய் விரித்த இரண்டு குளங்கள், இரண்டும் சேர்ந்து கால் ஏக்கர் தேறும். ஒன்றில் துடுப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றதில் நின்றிருந்தது. நின்றிருந்த குளத்தின் ஓரத்தில் பழுப்பு நுரை ஒதுங்கிக் கிடந்தது, அழுகின முட்டைக்கோஸ் வாசனை. ஆசிரியர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பச்சைத் தூளுக்கு நடுவே வெறும் கண்ணுக்கே தெரியும்படி வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பாசியை மேய்கிற நுண்ணுயிரிகள். காவல்காரர் அதையே தன் பேச்சில் சொன்னார்: "பூச்சி விழுந்துடுச்சு சார். மாசத்துக்கு ஒரு தரம் இப்படி ஆயிடும். தண்ணிய வெளிய வுட்டுட்டுப் புதுசா வுடுவோம்."

பொறியாளரின் கண் வேறு இடத்தில் இருந்தது. கொட்டகைச் சுவரில் இருந்த மின் மீட்டரைப் பார்த்தார். ஒற்றை முனை இணைப்பு. உள்ளே பாசியைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் மையவிலக்கு எந்திரம் ஒன்று நின்றது. அதன் பலகையின் மேல் ஒட்டிவந்த பாதுகாப்புத் தாளை இன்னும் உரிக்கவில்லை. மோட்டார்த் தகட்டைப் படித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது மூணு முனை மோட்டார். இந்த இணைப்புல இது ஒரு நாள்கூட ஓடியிருக்காது."

அலுவலக மேசையில் ஒரு பாட்டில் எண்ணெய் இருந்தது. அது எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை கிலோ பாசியிலிருந்து வந்தது என்று கேட்டோம். நிர்வாகி கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. அது வெளியிலிருந்து வாங்கிய மாதிரி, எங்கள் எண்ணெய் வரும் ஆண்டு வரும் என்றார். அறுவடை நோட்டு கேட்டோம், இல்லை. மின் கட்டண ரசீது கேட்டோம், சென்னை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்.

பொறியாளர் போட்ட கணக்கு

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குளத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. நான்தான் அதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

கையேடு சொன்னது ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 லிட்டர். நாளைக்கு ஏறத்தாழ 100 கிலோ எண்ணெய். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு 25 கிராம். உலர்ந்த பாசியில் கால் பங்கு எண்ணெய் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு நாளைக்கு 100 கிராம் பாசி விளைய வேண்டும். நன்றாக நடத்தும் திறந்த குளத்தில் விளைவது 10 முதல் 20 கிராம் என்றார் ஆசிரியர்.

பொறியாளர் அதைத் தன் வேலை மொழிக்கு மாற்றினார். கொதிகலனின் திறன் எத்தனை விழுக்காடு என்று பார்த்தே வாழ்ந்தவர். நம் பக்கத்தில் சதுர மீட்டருக்கு நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. 100 கிராம் பாசிக்குள் இருக்கும் ஆற்றல் 0.6 யூனிட். வெயிலில் 12 விழுக்காட்டைப் பாசி பிடித்தாக வேண்டும். ஒளிச்சேர்க்கையின் கோட்பாட்டு உச்சமே 10 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. திறந்த குளத்தில் 2 விழுக்காட்டைத் தொட்டாலே நல்ல விளைச்சல். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இவ்வளவு பெரிய எண் கையேட்டுக்குள் எப்படி வந்தது என்பதை ஆசிரியர் விளக்கினார். இந்த இடத்தைப் படிப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பாசிக்குத் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேகமாகப் பெருகும், ஆனால் எண்ணெய் அதிகம் சேர்க்காது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் உடலில் எண்ணெய் சேர்க்கும், ஆனால் பெருகுவதை நிறுத்திவிடும். உச்ச வளர்ச்சியும் உச்ச எண்ணெயும் ஒரே குளத்தில் ஒரே வாரத்தில் வருவதில்லை. கையேடு எழுதியவர் இரண்டு உச்சங்களையும் எடுத்து ஒன்றோடொன்று பெருக்கியிருந்தார். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை இதே ஆராய்ச்சியைச் செய்து, 1998இல் முடிவறிக்கை வெளியிட்டது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர்க் குளங்களில் சில நாள் 50 கிராம் வரை வந்தது, ஆனால் அதை நாள்தோறும் நிலைநிறுத்த முடியவில்லை.

அடுத்து, பாசியை வெளியே எடுக்கும் செலவு. குளத்து நீரில் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 3.7 கிலோ உலர்பாசி வேண்டும். அதற்கு 7,400 லிட்டர் தண்ணீரை எந்திரத்தில் ஓடவிட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்தாலும் 7.4 யூனிட் மின்சாரம். ஒரு லிட்டர் பயோடீசலுக்குள் இருக்கும் ஆற்றலே 9 யூனிட்டை ஒட்டித்தான். யூனிட் 7 ரூபாய் என்றால் பிரித்தெடுக்க மட்டும் 52 ரூபாய். உலர்த்துவதற்கும், எண்ணெய் பிழிவதற்கும், உரத்துக்கும், ஆள்களுக்கும் இன்னும் ஒரு பைசாகூட எழுதவில்லை. அப்போது பெட்ரோல் பங்கில் டீசல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி, வரியெல்லாம் சேர்த்து.

தண்ணீரும் இருக்கிறது. நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். உப்புநீர்க் குளத்தில் ஆவியானதை நன்னீர் விட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நல்ல தண்ணீருக்கு ஏங்கும் கடலோரக் கிராமத்தில் ஐந்து ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தினமும் எங்கிருந்து வரும்? கையேட்டில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

அதே இரவு மகள் கையேட்டின் ஏழாம் பக்கத்தைச் சரிபார்த்தார். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபில் பாசி எரிபொருளில் 60 கோடி டாலர் வரை போடப்போகிறது என்று அதில் இருந்தது. அந்த அறிவிப்பு உண்மைதான், ஆனால் 2009இல் வந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்தும் அது ஆராய்ச்சியாகவே இருந்தது. (2023இல் அவர்கள் அதிலிருந்து விலகிவிட்டார்கள்.) சோலசைம் என்ற கம்பெனி 2011இல் பங்கு 18 டாலருக்குச் சந்தைக்கு வந்ததைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதே கம்பெனி எரிபொருளைக் கைவிட்டு உணவுப் பக்கம் திரும்பியது, 2016இல் டெர்ராவியா என்று பெயர் மாறியது, 2017இல் திவாலானது. பங்கு வாங்கியவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கையேட்டின் கதை 2011இல் நின்றுவிட்டது.

மகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பாசியிலிருந்து குழந்தைகள் பாலுணவுக்கான டி.எச்.ஏ. கொழுப்பு எடுத்த மார்டெக் என்ற அமெரிக்கக் கம்பெனியை டி.எஸ்.எம். என்ற நெதர்லாந்துக் கம்பெனி 2011இல் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. நம் மாநிலத்திலேயே புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நியூட்ராசூட்டிகல்ஸ் நீண்ட காலமாகப் பாசி வளர்த்து உணவுக்காக விற்கிறது. பாசியை எரிக்காமல் கிலோ கணக்கில் உணவாகவோ ஊட்டமாகவோ விற்றவர்கள் நின்றிருக்கிறார்கள்.

முதல் முடிவு

15 லட்சத்தைப் போடக் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொடுத்த 5 லட்சத்தைத் திருப்பிக் கேட்பதா என்பதில்தான் அவர் தயங்கினார். நண்பரின் முகம். "அவன் என்னை ஏமாத்தல சார், அவனும் நம்பித்தான் போட்டான்" என்றார். அது முழு உண்மை. நண்பர் தரகுக்காகச் செய்யவில்லை, தனக்குக் கிடைத்த நல்லது தோழனுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் செய்தார்.

பங்கு ஒதுக்கிவிட்டால் வழி அடைபட்டுவிடும், அதற்கு முன் கேட்டாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். 42ஆம் பிரிவைச் சுட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். குற்றச்சாட்டாக எதையும் எழுதவில்லை. தேதி, தொகை, ஒதுக்கீடு இல்லை, எனவே வட்டியோடு திருப்புக என்று நான்கு வரி. மே மாதம் 1.5 லட்சத்துக்குக் காசோலை வந்தது. அடுத்த பத்து மாதத்தில் இரண்டு தவணையாக இன்னும் 2 லட்சம் வந்தது. 1.5 லட்சம் நின்றுவிட்டது. கம்பெனிப் பதிவாளரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.

நண்பருக்கு முன்பே பங்கு ஒதுக்கியிருந்தார்கள். அவரிடம் முறையான சான்றிதழ் இருக்கிறது. அதனாலேயே திருப்பிக் கேட்க அவருக்கு வழி இல்லாமல் போனது. வாங்க ஆளில்லாத பங்கு. 2024இல் அந்தக் குளங்கள் காய்ந்து, தார்ப்பாய் கிழிந்து கிடந்ததை நானே பார்த்தேன். இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

இரண்டாவது முடிவு: பாகூர்த் தொட்டிகள்

பொறியாளர் பாசியை விடவில்லை. 2022 கடைசியில் மகள் மூலம் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கும் ஒரு கணவன் மனைவி அறிமுகமானார்கள். மனைவி ஸ்பைருலினா வளர்ப்புப் பயிற்சி பெற்றவர், ஒரு தொட்டியை இரண்டு ஆண்டாக நடத்தி வந்தார். இன்னும் மூன்று தொட்டிகளைக் கட்டுவதற்குப் பணம் வேண்டும்.

அந்த அம்மாளிடம் அறுவடை நோட்டு இருந்தது. நாற்பது பக்க நோட்டு, ஈரம்பட்டு ஊதின ஓரங்கள். தினமும் காலை வெப்பநிலை, காரத்தன்மை, எடுத்த ஈரப்பாசியின் எடை. மழை பெய்த நாளில் 'மழை, எடுக்கல' என்று எழுதியிருந்தார். பொறியாளர் அந்த நோட்டை ஒரு மணி நேரம் படித்தார். படித்து முடித்தபோதே அவர் மனம் தீர்மானித்துவிட்டது.

நாங்களும் இதைத் தடுக்கவில்லை. காரணங்கள் இருந்தன. சுருள்பாசி சமையல் சோடா கரைத்த காரநீரில், பி.எச். 10ஐ ஒட்டி வளர்கிறது. அந்தக் காரத்தில் வேறு பாசியும் மேய்கிற பூச்சியும் எளிதில் நுழையாது. நூல்போல நீண்டு சுருண்டிருப்பதால் துணியிலேயே வடிந்து நிற்கும், மையவிலக்கு எந்திரம் வேண்டாம். விடியற்காலையில் வடிதுணியில் கரைசலை ஊற்றுவார்கள். தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகும், துணியில் கரும்பச்சைக் கூழ் தங்கும். அதைக் கழுவி, கல் ஏற்றிப் பிழிந்து, முறுக்கு அச்சில் இட்டு வலைத்தட்டில் இழை இழையாகப் பிழிந்து காயவைப்பார்கள். நல்ல வெயிலில் மதியத்துக்குள் நொறுங்கும். லிட்டருக்கு 100 ரூபாய் கூடத் தேறாத பொருளுக்குப் பதில், கிலோ மொத்த விலையில் 700 ரூபாய், சில்லறையில் 1,800 ரூபாய்.

வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிந்தோம். பொறியாளர் 6 லட்சம், லாபத்தில் 40 விழுக்காடு. நட்டம் வந்தால் அவர் போட்ட பணத்தோடு நிற்கும். தம்பதியின் நிலம், உழைப்பு, பழைய தொட்டி ஆகியவற்றுக்கு 60. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்தோம். தலா 120 சதுர மீட்டரில் நான்கு தொட்டிகள், 20 சென்டிமீட்டர் ஆழ நீர்.

முதல் ஆண்டு: 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை

சதுர மீட்டருக்கு நாளைக்கு 8 கிராம் என்று திட்டமிட்டோம். வந்தது சராசரி 5.5 கிராம். அறுவடை செய்ய முடிந்த நாள் சுமார் 240. மொத்தம் 620 கிலோ. விளைச்சல் குறைந்தது எங்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விற்பனைதான் பாதித்தது.

ஒரு தொட்டியாக இருந்தபோது அந்த அம்மாள் தெரிந்தவர்களுக்கும் புதுச்சேரியில் இரண்டு இயற்கை அங்காடிகளுக்கும் விற்று முடித்துவிடுவார். நான்கு தொட்டி ஆனதும் வாங்குகிறவர்கள் நான்கு மடங்கு ஆகவில்லை. மொத்தமாக 300 கிலோ 700 ரூபாய்க்கும், சில்லறையில் 110 கிலோ 1,800 ரூபாய்க்கும் போனது. மீதி 210 கிலோ டப்பாவில் நிறம் மங்கத் தொடங்கியது. அதில் 150 கிலோவைச் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் தீவன வியாபாரிக்குக் கிலோ 350க்குக் கொடுத்தோம். 60 கிலோ ஈரம் ஏறிக் கெட்டது.

வரவு 4,60,500 ரூபாய். கூலி, சோடா, உரம், மின்சாரம், பரிசோதனை, பொட்டலம் எல்லாம் 4,01,000. மிச்சம் 59,500. பொறியாளரின் பங்கு 23,800, அதாவது போட்ட பணத்துக்கு 4 விழுக்காடு. அஞ்சலகத்தில் இதைவிடக் கூட வந்திருக்கும். தம்பதிக்கு 35,700. ஒரு வருடம் விடியற்காலை நான்கரைக்கு எழுந்ததற்கு மாதம் 3,000 கூடத் தேறவில்லை. இந்த வரியைக் கணக்கில் எழுதும்போது எனக்குக் கை கூசியது. அவர்கள் இருவருக்கும் முதலிலேயே மாதச் சம்பளம் வைத்துச் செலவில் சேர்த்திருந்தால் இது நட்டத் தொழில் என்பது எழுதின அன்றே தெரிந்திருக்கும். அப்படி எழுதாதது எங்கள் பிழை.

ஃபெஞ்சல்

இரண்டாம் ஆண்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தொட்டியின் நீராழம் 20. அதை மட்டும் சொன்னால் போதும், என்ன ஆகியிருக்கும் என்று புரிந்துவிடும். மேலே போட்ட பசுமைவலைக் கூரையைக் காற்று எடுத்துக்கொண்டு போனது. கரைசல் நீர்த்துக் கரைகளுக்கு மேல் வழிந்து வயலுக்குள் ஓடியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது தொட்டிகள் இருந்த இடமே தெரியவில்லை.

சமையல் சோடா மட்டும் 760 கிலோவுக்கு மேல் போனது. தார்ப்பாய், கூரை, மோட்டார் சேர்த்து 1.4 லட்சம் நட்டம். காப்பீடு எடுக்கவில்லை.

புதிதாக வளர்க்க விதையாக உதவும் தாய்க்கரைசலை ஐந்து கேன்களில் வீட்டு மாடியில் வைத்திருந்தார் அந்த அம்மாள். மின்சாரம் இல்லாத அந்த நாள்களில் தானும் மாமியாரும் மாறி மாறிக் கையால் கலக்கி அதை உயிரோடு காப்பாற்றினார்கள். அந்த ஐந்து கேனிலிருந்துதான் பிப்ரவரி 2025இல் முதல் தொட்டி மறுபடி பச்சையானது.

மறுபடி செய்தால்

வாங்குகிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இரண்டாவது தொட்டியைக்கூடக் கட்ட மாட்டோம். ஒரு தொட்டியின் விளைச்சல் ஓராண்டு முழுக்க விற்றுத் தீர்ந்த பிறகே அடுத்தது. வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளைச்சல் பூஜ்யம் என்று எழுதியே திட்டம் போடுவோம். 2011 டிசம்பரில் 'தானே' என்று பெயரிட்ட புயல் அடித்த பகுதி இது. புயலை எதிர்பாராத நிகழ்வு என்று கணக்கில் எழுத நமக்கு உரிமை கிடையாது. தொட்டிக் கரையை உயர்த்துவதைவிட, புயல் எச்சரிக்கை வந்ததும் கரைசலை மூடிய தொட்டிகளுக்கு மாற்றுவதுதான் மலிவு என்று பொறியாளர் சொல்கிறார். ஒரு தொட்டிக்கு அதைச் செய்து பார்த்தாகிவிட்டது.

குளத்தில் பணம் போடும்படி கேட்பவரிடம் நான் இப்போது முதலில் கேட்பது மின் கட்டண ரசீதும் அறுவடை நோட்டும்தான். கையேட்டை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று மனதை இப்போதும் உறுத்துகிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கணக்கு எங்கள் கையில் இருந்தது. நண்பர் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவர் கேட்கவும் இல்லை என்பதால் அவரிடம் போகவில்லை. அவருக்குப் பங்கு ஒதுக்கியாகிவிட்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் அவர் தன் தம்பியையும் 3 லட்சம் போட வைத்தார். அந்தத் தாளை அவரிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தால் அந்த 3 லட்சமாவது நின்றிருக்கும்.

இப்போதைய நிலை

2025 ஜூன் முடிவில் இரண்டு தொட்டிகள் ஓடுகின்றன. மற்ற இரண்டும் காலியாக இருக்கின்றன; நிரப்ப வேண்டாம் என்று முடிவு. பண்ருட்டியில் கடலை மிட்டாய் செய்யும் ஒரு சிறு நிறுவனம் மாதம் 25 கிலோ எடுத்துக்கொள்ள ஓராண்டு ஒப்பந்தம் எழுதியிருக்கிறது, கிலோ 750 ரூபாய். தம்பதிக்கு மாதம் 8,000 சம்பளமாகச் செலவில் எழுதுகிறோம். அதனால் ஏட்டில் லாபம் இல்லை. பொறியாளருக்கு இந்த ஆண்டு பங்கு எதுவும் வராது என்று சொல்லிவிட்டோம். சரி என்றார். சனிக்கிழமை தோறும் பாகூர் போய் நோட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். 1.5 லட்சத்துக்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.